எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள்

மலைக் கிராமங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "பாபநாசத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது இந்தக் குடியிருப்பு." படிக்கிறவர் அந்த எண்ணைப் பார்ப்பார். இருபது, இருபத்தைந்து என்று இருக்கும். 'இவ்வளவுதானா, அம்பைக்குப் போய் வருகிற தூரம்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

என் கட்சி இதுதான். ஒரு ஊர் அரசாங்க அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதும்போது கிலோமீட்டரோடு நிறுத்தக் கூடாது. போக எத்தனை மணி நேரம், வண்டிக்கும் படகுக்கும் காத்திருக்க எத்தனை மணி நேரம், வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப முடியுமா, முடியாதா என்பதையும் எழுத வேண்டும்.

இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 1972 முதல் 2010 வரை புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பயணப்படி பில் பார்த்தே கழிந்தது. யார் எங்கே போனார், எந்த வழியாகப் போனார், அந்த வழி சரியா என்று சிவப்பு மசியில் டிக் அடிப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் காரைக்கால். ஓய்வுக்குப் பிறகு, என் மனைவி பிறந்த விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். மாமனார் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். (பாபநாசம் பக்கம் குடிபோகிறேன் என்றதும் காரைக்கால் நண்பர்கள் எல்லோரும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தானே என்று சந்தோஷப்பட்டார்கள். அது தஞ்சாவூர்ப் பாபநாசம். இது தாமிரபரணிப் பாபநாசம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.)

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். பிரெஞ்சுக்காரர் போன பிறகும் அந்தப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. தாமிரபரணியைப் பற்றி ஒரு வரி படிக்காமல் செய்ன் நதியின் கிளை ஆறுகளை மனப்பாடம் செய்த தலைமுறை எங்களுடையது. அதில் பாதி இன்று மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. 1790-ல், புரட்சிக்குப் பிறகு, பிரான்சை 83 'தெபார்த்மாங்' ஆகப் பிரித்தார்கள். நம் ஜில்லா மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைநகரம். அதற்கு 'ஷெஃப்-லியு' என்று பெயர். எந்த மூலையில் இருக்கும் குடியானவனும் குதிரையில் ஒரு நாளில் அந்தத் தலைநகருக்குப் போய்ச் சேர முடிய வேண்டும் என்பதே கணக்கு என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அதே காலத்தில், அதே நாட்டில்தான் மீட்டரையும் கண்டுபிடித்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்குமான தூரத்தைக் கோடியால் வகுத்து வந்த அளவு அது. பூமியை அளக்க மீட்டர், ஜனங்களுக்கு ஒரு பகல். இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நாம் மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

விட்டுவிட்டோம் என்பதுகூடச் சரியில்லை. நம்மிடமே இருந்தது. நம் தாத்தாக்கள் 'நாழிகை வழி' என்றுதானே சொன்னார்கள்? ஒரு நாழிகை நேரம், அதாவது 24 நிமிஷம், நடந்தால் எவ்வளவு போகலாமோ அது நாழிகை வழி. பழைய பிரெஞ்சு 'லியூ'வும் அப்படித்தான், ஒரு மணி நேரம் நடக்கிற தூரம். 'கூப்பிடு தூரம்' இன்னும் அழகு. கூப்பிட்டால் கேட்குமா என்பதுதான் அளவு. அவசரத்துக்கு ஆள் வருமா என்று கேட்கிற அளவு அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1990-களில் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் நாலு துண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்கு நடுவில், மாஹே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில். தலைநகரிலிருந்து வடக்கே 800 கிலோமீட்டருக்கு மேல். ஏனாமுக்கு மாற்றல் என்றாலே எங்கள் ஆபீஸில் துக்கம் விசாரிக்க வருவார்கள். புதுச்சேரியில் பஸ் ஏறிச் சென்னை, சென்னையில் ரயில் ஏறிக் காக்கிநாடா, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர். இன்றைக்கு மத்தியானம் கிளம்பினால் நாளை மத்தியானம் ஏனாம்.

எனக்கு அது தூரமே இல்லை. ஏனென்று சொல்கிறேன். அரசாங்க வேலையாகப் போனால் பயணத்தில் போகிற நாளும் வேலை நாள்தான். டிக்கெட்டுக்குப் பணம் உண்டு, சாப்பாட்டுக்குப் படி உண்டு. ஏனாம் ஜனங்களுக்குத்தான் புதுச்சேரி தூரம். அங்கே ஒரு மீனவப் பெண்மணி இருந்தார். கணவர் இறந்த பிறகு வரவேண்டிய பணம் நின்றுபோயிருந்தது. பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு காகிதத்தில் வேறு மாதிரியும் இருந்ததுதான் காரணம். தலைமையிடத்துக்குப் போய்த்தான் திருத்த வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். போனார். கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாராம். "நாளைக்கு வாங்கம்மா" என்று தமிழில் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருந்த யாரோ விளக்கியிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் இருக்கிறவனுக்கு 'நாளைக்கு வாங்க' என்றால் இன்னொரு முறை சைக்கிள் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அது பஸ் ஸ்டாண்டில் ஒரு ராத்திரி. போக ஒரு நாள், அங்கே இரண்டு நாள், வர ஒரு நாள் என்று நாலு நாள் மீன் விற்கப் போகவில்லை. கடைசியில் திருத்தியது ஒரே ஓர் எழுத்து. திரும்பி வந்து என்னிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினார். கோபமே இல்லை அவர் முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. எங்களுக்கு மத்திய அரசின் விதிகள்தான். பயணப்படிக்கான துணை விதி 30 என்ன சொல்கிறது தெரியுமா? ஊழியர் மிகக் குறுகிய வழியில் போனதாகத்தான் பில் போட வேண்டும். எது குறுகிய வழி? வழக்கமான வாகனங்களில் எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாமோ அதுவே குறுகிய வழி. கிலோமீட்டர் குறைந்த வழி என்று அதில் இல்லை, நேரம் குறைந்த வழிதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற விதி. அதாவது அதிகாரிக்குத் தூரம் என்றால் நேரம். ஜனங்களுக்குத் தூரம் என்று வரும்போது மட்டும் கிலோமீட்டர். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலை வகுப்பு 3 கிலோமீட்டருக்குள், வாக்குச்சாவடி 2 கிலோமீட்டருக்குள் என்று எல்லாம் நாடாவை வைத்து அளந்தது. சமவெளியில் அது போதும். நடுவில் ஓர் ஆறோ மலையோ வந்தால் நாடா பொய் சொல்லும்.

நம் ஊரையே பாருங்கள். பாபநாசத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய திருநெல்வேலிக்குப் போகிற தூரம். ஆனால் நடுவில் பொதிகை மலை நிற்கிறது. செங்கோட்டை வழியாகவோ நாகர்கோவில் வழியாகவோ சுற்றினால் நூறைத் தாண்டிவிடும்.

ஏனாமைவிடத் தூரமான ஊர் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன், இங்கே வந்த பிறகுதான் இஞ்சிக்குழியைக் கேள்விப்பட்டேன்.

நம் மலையில் காணி மக்களின் குடியிருப்புகள் சில உண்டு. சின்ன மயிலார், பெரிய மயிலார், அகஸ்தியர் நகர், சேர்வலாறு என்று. பொங்கல் நெருங்கும்போது கீழே வருகிற கிழங்குகளும் தேனும் வாங்கியிருப்பீர்கள். இவற்றுக்கெல்லாம் உள்ளே இருப்பது இஞ்சிக்குழி. பாபநாசத்திலிருந்து மேலணை வரை பஸ்ஸில் போகலாம். அப்புறம் காரையாறு அணைத் தண்ணீரைப் படகில் கடக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் காட்டுவழி. யானை நடமாட்டம் உள்ள இடம். வழியில் கடை கிடையாது, விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் டாணா பக்கம் ஒரு டீக்கடையில் அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பழைய தொழில் புத்தி, "உங்க ஊரு இங்கேயிருந்து எத்தனை கிலோமீட்டர், அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"அது தண்ணி எம்புட்டு நிக்குன்னு பொறுத்துல்லா ஐயா."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அணையில் தண்ணீர் நிறைந்து நின்றால் படகு உள்ளே வெகுதூரம் போகும், நடை குறையும். ஆனால் காற்றும் மழையுமாக இருந்தால் படகே கிடையாது. தண்ணீர் இறங்கிவிட்டால் படகு பாதியில் நின்றுவிடும், மிச்சத்தை நடக்க வேண்டும். "மழைக்காலத்துல யாருக்காவது மேலுக்குச் சரியில்லன்னா, எங்க ஊரு ரெம்பத் தூரம்" என்றார்.

நாம் எல்லோரும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் எதைப் பார்க்கிறோம்? பாபநாசம் அணை நீர்மட்டம். மொத்த உயரம் 143 அடி, கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அந்த எண்ணை வைத்துத்தான் கார் சாகுபடியும் பிசானமும். கன்னடியன் கால்வாயில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று என் மச்சினனுக்குக் கவலை. அதே எண்தான் இஞ்சிக்குழிக்காரருக்கு ஊருக்குப் போகிற தூரம். 1940-களில் இந்த அணை எழும்புவதற்கு முன் இன்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் காலால் நடக்கக்கூடிய காடுதானே. நம் வயலுக்குத் தண்ணீரும் நம் வீட்டுக்கு மின்சாரமும் வருவதற்காக அவர்கள் வழி நீண்டுபோனது. கீழே இருக்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடன் என்று ஒன்று இருந்தால் அது நம் பக்கம்தான் இருக்கிறது.

2021-ல் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது, சிலருக்கு நினைவிருக்கலாம். மேலணை அஞ்சலகத்தின் கிளை அஞ்சல் அதிகாரி, இஞ்சிக்குழியில் இருந்த ஒரு மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாய் கொடுப்பதற்காக மாதம் ஒரு முறை அணையைக் கடந்து, காட்டில் நடந்து, கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். நானும் மனதுக்குள் கும்பிட்டேன். ஆனால் ஒரு பழைய குமாஸ்தாவாக எனக்கு வேறொன்று தோன்றியது. அவர் செய்தது பெரிய தொண்டு. அது ஏன் தொண்டாக இருக்க வேண்டும்? அந்த ஒரு நாள் நடை அவருடைய வேலை நேரமாக, படியோடு, கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டாமா? நல்ல மனுஷன் மாற்றலாகிப் போனால் அந்த வழியும் அவரோடு போய்விடும். விதி என்று இருந்தால் அடுத்தவனும் நடப்பான்.

முடியாது என்று சொல்லாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அருணாசலப் பிரதேசத்தில், சீன எல்லைக்குப் பக்கத்தில் மாலோகம் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல் அதிகாரிகள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் மலையில் நடந்து போய்ச் சாவடி போட்டார்கள். ஓட்டு வாங்க அரசாங்கத்தால் நடக்க முடிகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற கால், சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் அட்டைக்கும் வருஷத்துக்கு நாலு முறை நடக்கக் கூடாதா?

இதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். முதல் பதில், "இவர்கள் கீழே இறங்கி வந்துவிட வேண்டியதுதானே." இதை எங்கள் தெருவிலேயே படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறங்குவது என்றால் என்ன என்று மாஞ்சோலைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள், 2024-ல் தோட்டத்தை மூடுகிற நிலை வந்தபோது, வீட்டையும் கோயிலையும் விட்டு எங்கே போவது என்று நின்றார்கள். அவர்களாவது தோட்டத்தோடு மலைக்குப் போனவர்கள். காணிகள் அணைக்கும் முந்தியவர்கள், 1988-ல் வந்த களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கும் முந்தியவர்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம் அவர்கள் அங்கே இருக்கலாம் என்று சொல்கிறது. இருக்கலாம் என்று சட்டம் சொன்ன பிறகு, ஆபீஸுக்கு வரமுடியவில்லை என்றால் இறங்கிவிடு என்பது என்ன நியாயம்?

இரண்டாவது பதில், "ரோடு போட்டுவிடலாம்." நான் அதைக் கேட்கவில்லை. புலிக்காட்டுக்குள் தார் ரோடு போட்டால் அதில் காணிக்கு முன்னால் கார்தான் போகும். சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைன் என்று இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். மலைக்குள் செல்போன் சிக்னலும் யானையும் ஒன்றுதான், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

என் அக்கா மகன் கனடாவில், டொராண்டோவில் இருக்கிறான். அங்கே எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டாலும் மணியில்தான் சொல்வார்களாம். "வடக்கே நாலு மணி நேரம், மாமா" என்பான். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த மாகாணத்தின் வடபகுதியில் மூசொனி என்று ஓர் ஊர். ரோடு கிடையாது, ரயில் உண்டு. அங்கே ஆற்றுக்கு நடுவில் உள்ள தீவில் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். கோடையில் படகு. குளிர்காலத்தில் ஆறு உறைந்ததும் பனிமேல் வண்டி. உறைகிற சமயத்திலும் உருகுகிற சமயத்திலும் இரண்டும் கிடையாது, ஹெலிகாப்டர்தான். இதை அவன் சொன்னபோது, 'தண்ணி எம்புட்டு நிக்குன்னு பொறுத்து' என்றவர்தான் நினைவுக்கு வந்தார். வருஷத்தில் எந்த மாதம் என்று கேட்காமல் அந்தத் தீவுக்கும் தூரம் சொல்ல முடியாது.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கிராமக் கணக்கில் 'தாலுகா தலைமையிடத்திலிருந்து தூரம்' என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கலம் போடுங்கள். போக ஆகும் நேரம், கோடையிலும் மழையிலும் தனித்தனியாக. கடைசியாகத் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு. அன்றே திரும்ப முடியுமா, ஆம் அல்லது இல்லை. எந்த ஊருக்கு 'இல்லை' என்று விழுகிறதோ அந்த ஊர்க்காரரை ஆபீஸுக்கு வரச் சொல்லக் கூடாது, ஆபீஸ் அங்கே போக வேண்டும். போகிறவருக்கு அந்த நாள் வேலை நாள், துணை விதிப்படி படியும் உண்டு. காகிதச் செலவு ஒரு பக்கம்கூட ஆகாது. 'இல்லை' என்று எழுதிவிட்டால் பிறகு யாரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. கோப்பில் ஏறிய சொல்லுக்கு அவ்வளவு பலம் உண்டு, 38 வருஷம் அதோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

அடுத்த ஜமாபந்தி அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில் நடக்கும்போது இதை மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தாயிற்று. எனக்குப் புதுச்சேரி நடைமுறைதான் பழக்கம். இந்தப் பக்கத்து வருவாய்த் துறைக் கணக்குகளின் பெயரும் எண்ணும் சரியாகத் தெரியாது. அந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது விக்கிரமசிங்கபுரத்திலோ அம்பையிலோ இருந்தால், புதுக் கலம் சேர்க்க யாருக்கு அதிகாரம், தாசில்தாருக்கா, கலெக்டருக்கா, சென்னைக்கே எழுத வேண்டுமா என்று சொல்லுங்கள். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றாலும் பரவாயில்லை. சாயங்காலம் பஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன்.